இரைச்சல் அடங்கினால் ஆழம் கூடும்: செகண்ட் ஹேண்ட் மெட்டல் டிடெக்டர் வாங்குவது எப்படி

"இது எவ்வளவு ஆழம் போகும்?"

பழைய மெட்டல் டிடெக்டரை விற்க வந்தவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நானும் கேட்டேன். அவர் ஒரு நாணயத்தைக் காயிலுக்கு (கருவியின் அடியில் உள்ள தட்டுக்கு) முன்னால் காற்றில் ஆட்டிக் காட்டினார். ஓரடி தூரத்திலிருந்தும் கணீரென்று சத்தம் வந்தது. மனம் குளிர்ந்து வாங்கி வந்துவிட்டேன். மறுநாள் நான் தேடப்போன இடத்துக்குப் பக்கத்தில் மின்கம்பிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆன் செய்ததிலிருந்து கருவி வாயை மூடவில்லை. சென்சிட்டிவிட்டியை, அதாவது மெல்லிய சிக்னலையும் பிடிக்கும் கூர்மையை, பாதிக்குக் கீழே இறக்கிய பிறகுதான் அடங்கியது. அப்போது அதே நாணயத்தைக் காட்டிப் பார்த்தால், ஓரடி தூரம் அரை அடிச் சொச்சமாகச் சுருங்கியிருந்தது.

விற்றவர் பொய் சொல்லவில்லை. கருவியும் பழுதில்லை. "நான் தேடப்போகும் இடத்தில் இது எவ்வளவு அமைதியாக இருக்கும்?" என்று கேட்டிருக்க வேண்டும். ஆழம் எவ்வளவு என்பதற்கான பதிலும் இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஏன் என்று புரிய, காயிலுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

காயில் என்ன செய்கிறது

கீழே தட்டு போலிருக்கும் காயிலுக்குள், பெரும்பாலான கருவிகளில், இரண்டு கம்பிச் சுருள்கள் உண்டு. ஒன்று அனுப்பும், மற்றொன்று கேட்கும். அனுப்பும் சுருளில் மாறுதிசை மின்னோட்டம் ஓடுவதால் மாறிக்கொண்டேயிருக்கும் ஒரு காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே ஒரு நாணயம் இருந்தால் அதற்குள் சிறு சுழல் மின்னோட்டங்கள் கிளம்பும். அவை தமக்கென்று ஒரு குட்டிக் காந்தப்புலத்தை உண்டாக்கும். அதைத்தான் கேட்கும் சுருள் பிடிக்கிறது. அனுப்பும் சுருளின் பெரிய சத்தம் கேட்கும் சுருளை நேரடியாக எட்டினால் காது அடைத்துவிடும் அல்லவா? அதனால் இரண்டையும் ஒன்றின் பாதிப்பு மற்றொன்றில் ஏறத்தாழப் பூஜ்யமாகும்படி வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்தச் சமநிலை நூலிழை அளவு குலைந்தாலும் கருவி தடுமாறும். பழைய காயிலை ஏன் அவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். பிறகு அதற்கு வருகிறேன்.

இப்போது கணக்கு. காயிலின் அளவைவிட ஆழம் கூடிய பிறகு, தூரம் இரண்டு மடங்கானால் காந்தப்புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். அது போகும்போது. நாணயத்திலிருந்து பதில் திரும்பி வரும்போதும் அதே எட்டில் ஒரு பங்கு. எட்டையும் எட்டையும் பெருக்கினால் அறுபத்து நான்கு. அதாவது, நாணயம் இரண்டு மடங்கு ஆழத்தில் கிடந்தால் அதன் சிக்னல் 64-இல் ஒரு பங்குதான் காதுக்கு வரும்.

இந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் விளம்பர வார்த்தைகள் பாதி தானாக உதிர்ந்துவிடும். 25 சென்டிமீட்டரில் நாணயத்தைப் பிடிக்கும் கருவி 30 சென்டிமீட்டரில் பிடிக்க வேண்டுமென்றால் ஏறத்தாழ மூன்று மடங்கு சிக்னல் வேண்டும். ஐந்தே சென்டிமீட்டருக்கு மூன்று மடங்கு! பத்துப் பதினைந்து ஆண்டுப் பழைய நல்ல கருவியும் இன்றைய புதுக் கருவியும் சாதாரண மண்ணில் ஆழத்தில் பெரிதாக வேறுபடாமல் இருப்பது இதனால்தான். புதியவை வேகத்திலும், குப்பைக்கு நடுவே நல்லதைப் பிரித்துச் சொல்வதிலும், எடையிலும் முந்துகின்றன. ஆழத்தில் இயற்பியல் பிடித்து நிறுத்திவிடுகிறது. ஆகவே பழையதை வாங்குவது ஒன்றும் தாழ்ந்த யோசனை இல்லை.

கணக்கின் மறுபக்கம் இன்னும் முக்கியம். மெல்லிய சிக்னலை மூன்று மடங்காக்க முடியாவிட்டாலும், சுற்றியுள்ள இரைச்சலை மூன்றில் ஒரு பங்காக்க முடிந்தால் அதே ஐந்து சென்டிமீட்டர் கிடைத்துவிடும். சந்தையில் ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்க, அவரைக் கத்தச் சொல்லலாம். இல்லையென்றால் கூட்டம் இல்லாத பக்கம் அழைத்துப் போகலாம். மண்ணுக்குள் கிடக்கும் நாணயத்தைக் கத்தச் சொல்ல வழியில்லை.

சென்சிட்டிவிட்டி குமிழியைத் திருகுவதால் நாணயத்தின் சத்தம் மட்டும் கூடுவதில்லை என்பதும் இதோடு சேர்ந்தது. கூட்டத்தின் சத்தமும் கூடவே ஏறும்.

மூன்று விதமான சத்தம்

டிடெக்டர் தேவையில்லாமல் பேசினால் "இஎம்ஐ" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். (மாதத் தவணை அல்ல, மின்காந்த இரைச்சலுக்கு இந்த வட்டாரத்தில் சொல்லும் சுருக்கம். இரண்டுமே நிம்மதியைக் கெடுப்பவைதாம்.) உண்மையில் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். அவற்றைப் பிரிக்கத் தெரிந்தால் வாங்கும் இடத்திலேயே பாதி வேலை முடிந்தது.

சும்மா நின்றால் சத்தமா, மண்மேல் அசைத்தால் சத்தமா, தொட்டால் சத்தமா? இந்த மூன்று கேள்விகள் போதும்.

காயிலைத் தரையிலிருந்து இடுப்பளவு தூக்கி அசையாமல் பிடியுங்கள். அப்போதும் கருவி பேசிக்கொண்டிருந்தால் அது வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மின்கம்பிகள், மண்ணுக்கடியில் போகும் கேபிள்கள், மின்வேலி, மின்மாற்றி, எல்இடி விளக்குகள், சார்ஜர்கள், பக்கத்தில் தேடுபவரின் டிடெக்டர், எல்லாவற்றுக்கும் மேலாக உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போன். வீட்டு மின்சாரம் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில்தானே ஓடுகிறது, 13,000 ஹெர்ட்ஸில் வேலை செய்யும் கருவியை அது எப்படித் தொந்தரவு செய்யும் என்று தோன்றலாம். மின்கம்பியில் ஓடும் அலை சுத்தமான அலை இல்லை. அதன் மடங்குகள் படிப்படியாக ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் வரை ஏறிப்போகின்றன. சார்ஜர்களும் எல்இடி விளக்குகளின் மின்சுற்றுகளும் பல பத்துக் கிலோஹெர்ட்ஸில் தட்டிக்கொண்டிருப்பவை. அவை டிடெக்டரின் வாசலிலேயே வந்து நிற்கின்றன.

வெளி இரைச்சலுக்கு இன்னோர் அடையாளம்: காயிலை மெல்லத் திருப்புங்கள், படுக்கையாக வைத்திருந்ததைச் செங்குத்தாக்குங்கள், திசை மாற்றுங்கள். சத்தம் ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறைந்தால், வெளியே ஏதோ ஒன்று கூப்பிடுகிறது என்று அர்த்தம். ஐம்பது அடி தள்ளிப்போய்ப் பார்த்தால் மேலும் தெளிவாகும்.

தூக்கிப் பிடித்தால் அமைதி, மண்ணுக்கருகே கொண்டுவந்து ஆட்டினால் மட்டும் பேச்சு என்றால், பேசுவது மண். இரும்புத் தாதுக்கள் கலந்த மண்ணும், கருமணலும், உப்புநீர் ஊறிய கடற்கரை மணலும் தம் பங்குக்குச் சிக்னல் கொடுக்கும். இதை அடக்கத்தான் கிரவுண்ட் பேலன்ஸ். மண்ணின் சத்தத்தைக் கருவிக்கு அடையாளம் காட்டி, "இதைக் கண்டுகொள்ளாதே" என்று சொல்லிவைக்கும் ஏற்பாடு அது. விலை குறைந்த ஆரம்பநிலைக் கருவிகளில் இது தொழிற்சாலையிலேயே நிலையாக அமைக்கப்பட்டிருக்கும். நாம் மாற்ற முடியாது. ஆழம் முக்கியம் என்று நினைப்பவர் செகண்ட் ஹேண்டில் தேடும்போது கிரவுண்ட் பேலன்ஸை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள மாடலையே எடுக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தாது நிறைந்த மண்ணில் இது இல்லாத கருவி நிறைய ஆழத்தைத் தொலைத்துவிடும்.

மூன்றாவது, தொட்டால் சத்தம். காயிலிலிருந்து தண்டில் சுற்றி மேலே போகும் கேபிளை மெல்ல ஆட்டுங்கள். இணைப்பு முனையை அசையுங்கள். காயிலின் ஓரத்தை விரலால் லேசாகத் தட்டுங்கள். இதற்கெல்லாம் 'பீப்' வந்தால் அது இஎம்ஐயும் இல்லை, மண்ணும் இல்லை, கருவியின் நோய். உள்ளே கம்பி விட்டிருக்கலாம், தண்ணீர் புகுந்திருக்கலாம், ஒட்டு பெயர்ந்து சுருள் ஆடிக்கொண்டிருக்கலாம். நூலிழை சமநிலை என்றேனே, அது இங்கேதான் குலைகிறது. அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதவும் வேண்டாம். காயிலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்கும். அதைக் கழற்றிப் பாருங்கள். கவருக்கும் காயிலுக்கும் நடுவே சேர்ந்த கருமணல் கூட இதே மாதிரிக் குளறுபடி செய்யும். துடைத்ததும் உளறலை நிறுத்திவிட்ட "பழுதான" காயில்கள் உண்டு.

அதிர்வெண், காயில்: எதை எடுப்பது

பழைய சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை விஎல்எஃப் (மிகக் குறைந்த அதிர்வெண்) வகை. ஏதோ ஓர் அதிர்வெண்ணில், பொதுவாக 5 முதல் 20 கிலோஹெர்ட்ஸுக்குள், வேலை செய்பவை. காரெட் ஏஸ் 250 என்ற பிரபலமான தொடக்கநிலைக் கருவி 6.5 கிலோஹெர்ட்ஸ். ஃபிஷர் எஃப்75 13 கிலோஹெர்ட்ஸ். காரெட் ஏடி ப்ரோ 15. பொடித் தங்கம் தேடுவதற்கென்றே வந்த ஃபிஷர் கோல்ட் பக் 2 என்பது 71 கிலோஹெர்ட்ஸ்.

"அதிர்வெண் குறைந்தால் ஆழம் கூடும்" என்று சொல்வார்கள். அது அரை உண்மை. வெள்ளி, செம்பு போல மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் தடிமனான பொருள்கள் குறைந்த அதிர்வெண்ணுக்கு நன்றாகப் பதில் சொல்லும். மெல்லிய, சிறிய தங்கத் துணுக்குகளுக்கு உயர் அதிர்வெண் வேண்டும். எனவே எதைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நாணயமும் நகையும் கலந்து தேடும் புதியவருக்கு 10 முதல் 15 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் உள்ளது நடுவாந்திரமான நல்ல தேர்வு.

இரைச்சல் கோணத்தில் பார்க்க வேண்டியது வேறு: அதிர்வெண்ணைக் கொஞ்சம் நகர்த்தும் வசதி உண்டா? சில கருவிகளில் இதற்கு "ஃப்ரீக்வென்சி ஷிஃப்ட்" என்றும், சிலவற்றில் "நாய்ஸ் கேன்சல்" என்றும் பெயர். ரேடியோவில் நிலையம் கரகரத்தால் முள்ளை மயிரிழை நகர்த்துவோமே, அதே வேலை. குடியிருப்புகள் நடுவே தேடப்போகிறவருக்கு இது பொன்னான வசதி. 2018-இல் சந்தைக்கு வந்த மைன்லேப் ஈக்வினாக்ஸ் போன்றவை ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும். ஈர உப்பு மணலில் அதன் அருமை தெரியும். பல அதிர்வெண்களில் காதைத் திறந்து வைத்திருப்பதால் இரைச்சலும் பல வாசல் வழியே வரலாம். அப்போது ஒற்றை அதிர்வெண்ணுக்கு மாற்றிக்கொள்ள வழியிருந்தால் நல்லது.

பல்ஸ் இண்டக்‌ஷன் என்று இன்னொரு வகை இருக்கிறது. இது தொடர்ந்து அனுப்பாமல், விட்டுவிட்டு ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சில மைக்ரோ விநாடிகள் பொறுத்து, பதிலைக் கேட்கும். அதற்குள் மண்ணின் பதில் பெரும்பாலும் ஓய்ந்துவிடுவதால், தாது நிறைந்த மண்ணில் விஎல்எஃப்பைத் தூக்கிச் சாப்பிடும் ஆழம் கிடைக்கும். ஆனால் இரும்பையும் மற்ற உலோகத்தையும் பிரித்துச் சொல்வதில் மந்தம், மின்கம்பி அருகே கூச்சல். ஊருக்கு வெளியே தங்கம் தேடுபவர்களின் கருவி இது. முதல் கருவியாக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

காயில் அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய காயில் போட்டால் ஆழம் கூடும் என்பது பெரிய பொருள்களுக்கு உண்மை. அதே பெரிய காயில் அதிகப் பரப்பிலுள்ள மண்ணையும் அதிக மின்காந்த இரைச்சலையும் சேர்த்து வாரிக்கொண்டு வரும். குட்டி நாணயத்தின் சத்தம் அதற்குள் மூழ்கிப்போகும். நாணய அளவுள்ள பொருளுக்கு, காயிலின் குறுக்களவு எவ்வளவோ ஏறத்தாழ அவ்வளவுதான் ஆழம் என்று ஒரு கைக்கணக்கு சொல்வார்கள். அதிலும் நல்ல மண்ணில், நல்ல நாளில். இரைச்சல் மிக்க இடத்தில் சிறிய காயில் பல நேரம் பெரியதைவிட ஆழமாகப் பிடிக்கிறது. சென்சிட்டிவிட்டியைக் குறைக்காமல் ஓட்ட முடிவதுதான் காரணம். விற்பவர் சிறிய காயில் ஒன்றையும் சேர்த்துத் தருகிறார் என்றால் அதைத் தட்டிக் கழிக்காதீர்கள். உள்ளே சுருள்கள் இரண்டு 'டி' எழுத்துகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் டபுள் டி வகை, வட்டத்துக்குள் வட்டமாக இருக்கும் கான்சென்ட்ரிக் வகையைவிட மண்ணின் தொல்லையை நன்றாகத் தாங்கும். தாது உள்ள மண் என்றால் டபுள் டிதான்.

சோதித்துப் பார்க்கும் நாள்

வீட்டுக்குள் வைத்து டெஸ்ட் செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள். சுவரில் மின்கம்பி, தரைக்குள் இரும்புக் கம்பி, கட்டிலில் ஆணி. இந்தத் தப்பைச் செய்தவர்கள் பட்டியலில் முதல் ஆள் தொலைபேசி புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல். 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டை ஒருவன் சுட்டான். உடலுக்குள் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று தெரியவில்லை. பெல் அவசர அவசரமாக ஒரு உலோகம் காட்டும் கருவியைச் செய்து எடுத்துப்போனார். வெளியே சோதித்தபோது நன்றாக வேலை செய்த கருவி, அதிபரின் படுக்கையருகே குழம்பியது. மெத்தைக்குள் எஃகுக் கம்பிச் சுருள்கள் இருந்தது பிறகுதான் தெரிந்தது. போதாக்குறைக்கு, குண்டு வலப்பக்கம் இருப்பதாக நம்பிய மருத்துவர் அந்தப் பக்கம் மட்டும்தான் தேட விட்டார். அது இருந்ததோ வேறிடத்தில், ஆழத்தில். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்ட் இறந்தார். இரைச்சல், ஆழம், தப்பான இடத்தில் சோதனை: நம் பிரச்சினைகள் மூன்றும் அந்த ஒரே அறையில் இருந்திருக்கின்றன.

ஆகவே திறந்தவெளிக்குப் போங்கள். முடிந்தால் இரண்டு இடம்: ஒன்று மின்கம்பி எதுவும் இல்லாத இடம், இன்னொன்று நீங்கள் உண்மையில் தேடப்போவது போன்ற இடம். மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் பக்கிள், இரும்பு வைத்த ஷூ எல்லாம் தள்ளியிருக்கட்டும். இருவரின் செல்போன்களும் தூரப் போகட்டும். பின்பாயிண்டர் (தோண்டிய குழியில் பொருளின் இடத்தைக் காட்டும் சிறு கைக்கருவி) வைத்திருந்தால் அதையும் அணையுங்கள். கையோடு கொண்டுபோக வேண்டியவை ஒரு நாணயம், ஒரு இரும்பாணி, ஒரு மரஸ்கேல். உலோக டேப் எடுத்துப்போய் விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அமைதியான இடத்தில் சென்சிட்டிவிட்டியை முழுதாக ஏற்றி, தூக்கிப் பிடித்து, அரை நிமிடம் சும்மா கேளுங்கள். இங்கேயே ஓயாமல் உளறினால் யோசிக்க வேண்டும். அடுத்துக் கேபிளை ஆட்டும், காயிலைத் தட்டும் சோதனை. பிறகு நாணயத்தை ஸ்கேல் வைத்து எவ்வளவு தூரம் வரை பிடிக்கிறது என்று பாருங்கள். காற்றில் கிடைக்கும் எண் மண்ணில் கிடைக்காது. இது ஒப்பிடுவதற்கு மட்டும். இரண்டாவது இடத்துக்குப் போய், கருவி தொந்தரவில்லாமல் ஓடும் அளவுக்குச் சென்சிட்டிவிட்டியை இறக்கி, அதே நாணயத்தை மறுபடி அளங்கள். முதல் எண்ணுக்கும் இரண்டாவது எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் நீங்கள் வாங்கப்போகும் கருவியின் உண்மையான குணம். முதல் எண்ணில் வென்று இரண்டாவதில் சரியும் கருவியைவிட, இரண்டிலும் சுமாராக நிற்பது மேல்.

மண்ணுக்கு மேலே காயிலை மேலும் கீழுமாக அசைத்து கிரவுண்ட் பேலன்ஸ் பிடிக்கிறதா என்று பாருங்கள். நாணயத்துக்குப் பக்கத்தில் ஆணியைப் போட்டுக் கேளுங்கள். இரும்பின் முனகலுக்கு நடுவே நாணயம் ஒருமுறையாவது எட்டிப்பார்க்க வேண்டும். பேட்டரி அறையைத் திறந்து பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா, குமிழிகளைத் திருகும்போது கரகரப்பு வருகிறதா, ஹெட்போன் துளை ஆடுகிறதா, சார்ஜ் போடும் வாய் துருப்பிடித்திருக்கிறதா என்றும் ஒரு கண். உள்ளமைந்த லித்தியம் பேட்டரி உள்ளவற்றில் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதைக் கேட்டால் போதாது, ஓடவிட்டுத்தான் தெரியும்.

பெயர்ப்பலகையையும் பாருங்கள்

டிடெக்டர் தயாரித்த டெசோரோ நிறுவனம் 2018-இல் மூடிவிட்டது. இன்னொரு தயாரிப்பாளரான ஒயிட்ஸ் 2020-இல் மூடியது; அதன் உடைமைகளைக் காரெட் வாங்கிக்கொண்டது. இரண்டும் செய்த கருவிகள் அருமையானவை, இன்றும் நன்றாக ஓடுகின்றன. ஆனால் காயில் போனால் புதுக் காயிலுக்கு அலைய வேண்டும். டெசோரோ தந்த வாழ்நாள் உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் என்றிருந்தது. இப்போது அவருக்கும் இல்லை. இவற்றை வாங்கினால் ஒரு உபரிக் காயிலோடு சேர்த்து வாங்குங்கள்.

போலிகள் இன்னொரு தலைவலி. மைன்லேப்பின் ஜிபிஎக்ஸ் 5000 போன்ற விலையுயர்ந்த தங்கத் தேடிகளுக்கு அச்சு அசலாகப் போலிகள் வந்திருக்கின்றன. சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரிடம் அனுப்பி உறுதிசெய்த பிறகே பணம். எண்ணைத் தர விற்பவர் தயங்கினால் பேச்சு அத்தோடு முடிந்தது.

ஆன்டெனா போலக் கம்பி நீட்டிக்கொண்டு, "இருபது மீட்டர் தள்ளியிருக்கும் தங்கத்தைக் காட்டும்" என்று விற்கப்படும் சாதனங்களும் பழைய சந்தையில் கைமாறுகின்றன. மேலே போட்ட கணக்கை இங்கே போடுங்கள். 20 சென்டிமீட்டரைவிட 20 மீட்டர் நூறு மடங்கு தூரம். சிக்னல் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்காகும். இதே சாயலில் வெடிகுண்டு காட்டும் கருவி என்று ஏடிஇ 651-ஐ ஈராக் வரை விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்குப் பிரிட்டனில் 2013-இல் பத்தாண்டுச் சிறை கிடைத்தது. அந்தப் பெட்டிக்குள் வேலை செய்யும் சங்கதி எதுவுமே இல்லை.

வாங்கி வந்த பிறகும் கருவி சலசலத்தால் சென்சிட்டிவிட்டிக்குக் கடைசியாகக் கை வையுங்கள். முதலில் செல்போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். அடுத்து அதிர்வெண்ணை நகர்த்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கிரவுண்ட் பேலன்ஸைப் புதிதாகப் பிடியுங்கள், சிறிய காயிலை மாட்டுங்கள். உடன் தேடுபவரை இருபதடியாவது தள்ளிப்போகச் சொல்லுங்கள். எதற்கும் மசியவில்லை என்றால் அப்போது இறக்கலாம், ஒவ்வொரு படியாக, சத்தம் அடங்கும் முதல் படியில் நிறுத்தி. நான் அன்று மின்கம்பிக்கு அருகே செய்தது போல ஒரேயடியாகப் பாதிக்குக் கீழே இறக்கிவிடாதீர்கள். என் செல்போன் அன்று முழுக்கச் சட்டைப்பையிலேயே இருந்தது.